3,200 கோப்புகளுக்கு 3,200 முறை கிட் லாக்: மெதுவான ஸ்கிரிப்டை எங்கே பிடிப்பது?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். தமிழ்ப் பாடங்களை வைத்திருக்கும் ஒரு தளத்தைப் பார்த்துக்கொள்கிறார். பாடத்துக்கு ஒரு கோப்பு, மொத்தம் 3,200 கோப்புகள், எல்லாம் ஒரே கிட் ரெப்போவில், அதாவது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் நிரலின் களஞ்சியத்தில். ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் 'கடைசியாகத் திருத்திய நாள்' வர வேண்டும். அதற்கு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் கோப்புக்கு ஒரு தடவை கிட் லாக் (மாற்றங்களின் வரலாற்றைக் காட்டும் கட்டளை) போட்டுத் தேதியை எடுக்கிறது. முடிய ஏறக்குறைய பத்தொன்பது நிமிடம் ஆகிறது. பெரிய சர்வர் வாங்கினால் சரியாகுமா, இல்லை பைத்தானில் மாற்றி எழுதட்டுமா என்பது அவர் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்தப் பத்தொன்பது நிமிடம் எங்கே போகிறது? அது தெரிந்துவிட்டால் சர்வரும் தேவைப்படாது, மொழியை மாற்றுவதும் தேவைப்படாது.

எபெனில் பன்னிரண்டு வருடமாக பில்ட், ரிலீஸ் வேலைதான் பார்க்கிறேன். இந்த மாதிரி ஸ்கிரிப்டுகளை எத்தனையோ தடவை பிரித்துக் கட்டியிருக்கிறேன். அதில் உறுதியாகத் தெரிந்ததையும், உங்கள் மெஷினில் அளந்து பார்த்தால்தான் தெரியும் என்பதையும், அவரிடமே பேசுவதுபோல், தனித்தனியாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பத்தொன்பது நிமிடத்தை 3,200ஆல் வகுத்தால் கோப்புக்குச் சுமார் 0.36 நொடி. இதை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, கிட் என்ற நிரலைத் தொடங்கும் செலவு. ஒவ்வொரு தடவையும் அது புதிதாகப் பிறந்து, கான்ஃபிக் கோப்புகளைப் படித்து, ரெப்போவைக் கண்டுபிடித்து, ஹெட் (இப்போதைய கடைசிப் பதிவு) எங்கே நிற்கிறது என்று பார்த்து, பேக் இண்டெக்ஸ்களை (சுருக்கி வைத்த தரவுக்கான அட்டவணைகளை) திறக்க வேண்டும். பதிலைச் சொன்னதும் இத்தனையையும் மறந்துவிட்டுச் செத்துவிடும். இரண்டாவது, வரலாற்றில் பின்னோக்கி நடக்கும் செலவு. ஸ்கிரிப்ட் மெதுவாக இருக்கிறது என்றாலே 'பிராசஸைக் குறை' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது தவறில்லை, ஆனால் இங்கே முக்கியமான செலவு அதுவல்ல. என் லினக்ஸ் மெஷினில் கிட்டைச் சும்மா தொடங்கி முடிக்க இரண்டு மூன்று மில்லிநொடி. 3,200 தடவை என்றாலும் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். விண்டோஸில் இதே செலவு பல மடங்கு. வைரஸ் ஸ்கேனர் ஒவ்வொரு பிராசஸையும் தடவிப் பார்த்தால் இன்னும் கூடும். நீங்கள் விண்டோஸுக்கான கிட் பாஷில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதை முதலில் கணக்கில் எடுங்கள். கிட்டின் வெளியீட்டை பைப்பில் ஹெட் (கிட்டின் ஹெட் அல்ல), கட், செட் என்ற வேறு கட்டளைகளுக்குத் தொடுத்திருந்தால் கோப்புக்கு நாலு பிராசஸ் ஆகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதி எங்கே போகிறது என்பதை இரண்டே கட்டளையில் பார்க்கலாம். நேற்று திருத்திய ஒரு பாடத்துக்கு டைம் போட்டு அதே கிட் லாக்கை ஓட்டுங்கள். அப்புறம், தளம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத ஒரு பாடத்துக்கு ஓட்டுங்கள். முதலாவது கண் சிமிட்டும் நேரத்தில் வரும், இரண்டாவது முக்கிக்கொண்டு வரும். காரணம் இதுதான்: கிட் வரலாற்றைக் கோப்புவாரியாக வைத்திருப்பதில்லை, கமிட்வாரியாகத்தான் (ஒரு தடவை சேர்த்துப் பதிந்த மாற்றங்கள் ஒரு கமிட்) வைத்திருக்கிறது. 'இந்தக் கோப்பு கடைசியாக எப்போது மாறியது' என்று கேட்டால், ஹெட்டிலிருந்து ஒவ்வொரு கமிட்டாகப் பின்னால் போய், அதன் மரத்தையும் (அப்போதைய கோப்புப் பட்டியல்) பெற்றோரின், அதாவது முந்தைய கமிட்டின், மரத்தையும் அவிழ்த்து ஒப்பிட்டு, மாறிய இடம் வரும் வரை நடக்க வேண்டும்.

கோயில் நன்கொடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 3,200 குடும்பங்கள், ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று கேட்கிறார்கள். உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு பெயரை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டிக் கண்டுபிடிக்கிறது. பேரேட்டை மூடுகிறது. அடுத்த பெயருக்குத் திரும்பவும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. விவரம் தெரிந்த கணக்குப்பிள்ளை பெயர்ப்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரேட்டை ஒரே தடவைதான் புரட்டுவார். ஒரு பெயர் முதல் தடவை கண்ணில் பட்டதும் தேதியை எழுதி டிக் போட்டுவிடுவார். அந்தப் பெயர் முந்தைய பக்கங்களில் எத்தனை தடவை வந்தாலும் அவருக்குக் கவலையில்லை. பட்டியல் தீர்ந்ததும் பேரேட்டை மூடிவிடுவார்.

கிட்டில் இதைச் செய்வது சுலபம். கோப்புப் பெயர் எதுவும் கொடுக்காமல் கிட் லாக்கை ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள். ஃபார்மட் சுவிட்சில் ஒரு அடையாளக் குறியும் தேதியை நொடிக்கணக்கில் தரும் குறியீடும் கொடுங்கள். கூடவே நேம்-ஒன்லி, நோ-ரீனேம்ஸ் இரண்டையும் சேருங்கள். வெளியே வருவது இப்படி இருக்கும்: =1700000000 என்று ஒரு வரி, ஒரு வெற்று வரி, அதன் கீழே அந்தக் கமிட்டில் மாறிய கோப்புகளின் பெயர்கள், அப்புறம் அடுத்த கமிட்டின் சமக்குறி வரி. இதை ஆக் என்ற உரை அலசும் நிரலில் ஐந்தாறு வரியில் வாங்கிவிடலாம். சமக்குறியில் தொடங்கும் வரி வந்தால் தேதியை மனத்தில் வை. வெறுமையல்லாத மற்ற வரி வந்தால், அந்தப் பெயரை இதுவரை பார்க்கவில்லை என்றால் பெயரையும் தேதியையும் எழுது. இப்போது இருக்கும் கோப்புகளின் பட்டியலை எல்எஸ்-ட்ரீ மூலம் முன்கூட்டியே எடுத்து வைத்து, எல்லாம் கிடைத்ததும் பைப்பை மூடிவிட்டால் கிட்டும் அங்கேயே நின்றுவிடும். சில ஆயிரம் கமிட் உள்ள ரெப்போ என்றால் சில நொடியில் முடியும் வேலை இது. சரியாக எத்தனை நொடி என்பது உங்கள் வரலாற்றின் நீளத்தையும் கமிட்டுகளின் பருமனையும் பொறுத்தது. ஆனால் நிமிடக்கணக்கு நொடிக்கணக்காகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நோ-ரீனேம்ஸ் ஏன் என்றால், 2.9 பதிப்பிலிருந்து கிட் லாக் தானாகவே பெயர்மாற்றத்தைத் தேடிப் பார்க்கிறது. அதற்கு அது கோப்புகளின் உள்ளடக்கத்தையே திறந்து ஒப்பிட வேண்டியிருக்கும். நமக்குப் பெயர் மட்டும் போதும் என்பதால் அந்த உழைப்பு வீண்.

எண்ணைத் தேதியாக மாற்றும்போது நேர மண்டலத்தைக் கவனியுங்கள். மேலே சொன்ன 1700000000 கிரீன்விச் கணக்கில் 2023 நவம்பர் 14 இரவு 10:13. நமக்கு நாலு மணி நேரம் கூட, ஆக மொரீஷியஸில் அது 15ஆம் தேதி அதிகாலை 2:13. சர்வர் வேறு நாட்டில் இருந்தால் இரவில் திருத்திய பாடங்களுக்கெல்லாம் முந்தின நாள் விழும்.

உங்கள் கோப்புப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன என்கிறீர்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது, நானும் அதில் விழுந்திருக்கிறேன். இயல்பான அமைப்பில் கிட், ஆங்கில எழுத்தல்லாத பெயர்களை மேற்கோள்குறிக்குள் போட்டு, பைட்டு பைட்டாக எண்ணாக்கித் தரும். 'அ' என்ற ஒற்றை எழுத்து \340\256\205 என்று வரும். அம்மா.எம்டி என்ற கோப்பைத் தேடினால் கிடைக்காது, தேதி வெறுமையாக நிற்கும், பிழை என்று எதுவும் வராது. கோர்.குவோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள், எழுத்து எழுத்தாகவே வரும். இன்னொன்று: 'கொ', 'கோ', 'கௌ' போன்றவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. பல மெஷின்களிலிருந்து பெயர் வைத்திருந்தால் ஒரு தடவை எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வேகம் வந்துவிட்டது, பதில் சரியா? இதைத்தான் நிறையப் பேர் பார்ப்பதில்லை. கோப்புவாரியாகக் கேட்பதும், ஒரே ஓட்டத்தில் கேட்பதும் நூற்றுக்கு நூறு ஒரே விடையைத் தருவதில்லை. மெர்ஜ் கமிட் (கிளைகளை ஒன்றாக இணைப்பது) வந்தால் கிட் லாக் இயல்பாக அதன் மாற்றங்களைக் காட்டாது. மெர்ஜ் செய்யும்போது மோதலைத் தீர்க்க ஒரு பாடத்தைக் கையால் திருத்தியிருந்தால், அந்தத் திருத்தம் பட்டியலிலேயே வராது. 'எம்' சுவிட்சைப் போடலாம் என்று தோன்றும். போட்டால் ஒவ்வொரு பெற்றோருடனும் தனித்தனியாக ஒப்பிட்டு, பக்கக் கிளையில் போன மாதம் மாறிய கோப்பெல்லாம் மெர்ஜ் நாளில் மாறியதாகக் காட்டிவிடும். இங்கே பொருத்தமானது 'சி' சுவிட்ச். எல்லாப் பெற்றோரிடமிருந்தும் வேறுபடும் கோப்புகளை மட்டும் அது பட்டியலிடும். கோப்புவாரித் தேடலும் மெர்ஜை அந்த நிபந்தனையில்தான் காட்டும்.

அதன் பிறகும் சில இடங்களில் வேறுபடலாம். ஒரு கிளையில் திருத்தி, மெர்ஜ் செய்யும்போது அந்தத் திருத்தத்தை வேண்டாம் என்று தள்ளியிருந்தால், கோப்புவாரித் தேடல் அதைத் தாண்டிப் போய்விடும். நம் ஒற்றை ஓட்டம் அதைக் கடைசித் திருத்தம் என்று எடுத்துக்கொள்ளும். யாருடைய மெஷினிலாவது கடிகாரம் தவறாக இருந்தாலும் வரிசை பிசகும். இவை உங்கள் ரெப்போவில் எத்தனை இருக்கும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அதனால் இப்படிச் செய்யுங்கள்: பழைய ஸ்கிரிப்டைக் கடைசியாக ஒரு தடவை ஓடவிட்டு முடிவைச் சேமியுங்கள். புதியதன் முடிவோடு டிஃப் போடுங்கள். வேறுபடும் வரிகள் வந்தால் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து எது சரி என்று நீங்களே முடிவெடுங்கள். இதைச் செய்யாமல் பழைய ஸ்கிரிப்டை அழிக்காதீர்கள். கூடவே, எந்தத் தேதி வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். மாற்றத்தை எழுதியவர் அதை எழுதிய நாள் ஆத்தர் தேதியில் இருக்கும். ரீபேஸ் செய்தால் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் திரும்ப எழுதினால்) கமிட்டர் தேதி மாறிவிடும். படிப்பவருக்குக் காட்டுவது என்றால் நான் ஆத்தர் தேதியைத்தான் எடுப்பேன்.

இதற்கென்றே கிட்டில் லாஸ்ட்-மாடிஃபைட் என்று ஒரு கட்டளை 2.52 பதிப்பில் வந்திருக்கிறது. சோதனை நிலையில் இருப்பதாக அதன் ஆவணமே சொல்கிறது. இருந்தால் ஓட்டிப் பாருங்கள், ஆனால் தினமும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டை இப்போதைக்கு அதன் மேல் கட்ட மாட்டேன்.

அடுத்து, நேற்றைய வேலையை இன்று திரும்பச் செய்யாமல் இருப்பது. கமிட் ஒன்று ஆன பிறகு மாறாது, ஆகவே அதுவரைக்கும் எடுத்த விடையும் மாறாது. முடிவோடு ஹெட்டின் அடையாள எண்ணையும் எழுதி வையுங்கள். அடுத்த நாள், அந்த எண்ணிலிருந்து இன்றைய ஹெட் வரை உள்ள கமிட்டுகளை மட்டும் கேளுங்கள். யாராவது ஃபோர்ஸ் புஷ் செய்து சர்வரின் வரலாற்றை மாற்றியிருந்தால் பழைய எண் வரலாற்றிலேயே இருக்காது. மெர்ஜ்-பேஸுக்கு இஸ்-ஆன்செஸ்டர் சுவிட்ச் கொடுத்து முதலில் சோதித்து, இல்லை என்று வந்தால் முழுதாக ஓட்டுங்கள். இன்னொரு எச்சரிக்கை: பில்ட் சர்வர்கள் நேரத்தை மிச்சப்படுத்தக் கடைசி ஒரு கமிட்டை மட்டும் குளோன் செய்வது (நகலெடுப்பது) வழக்கம். அங்கே இந்த ஸ்கிரிப்டை ஓட்டினால் படுவேகமாக முடியும், 3,200 பாடங்களுக்கும் ஒரே தேதி வரும்.

பாடத்தின் தலைப்பை எடுக்க, கோப்புக்கு ஒரு கிட் ஷோ (உள்ளடக்கத்தைக் காட்டும் கட்டளை) வேறு போடுகிறீர்கள். இங்கே வரலாற்றில் நடக்க வேண்டியதில்லை, முழுச் செலவும் பிராசஸ் தொடங்குவதுதான். கேட்-ஃபைல் கட்டளையை பேட்ச் சுவிட்சோடு ஒரே தடவை தொடங்குங்கள். அதன் உள்ளீட்டில் வரிக்கு ஒரு பெயர், HEAD:கோப்புப்பாதை என்ற வடிவில், எழுதினால், வெளியீட்டில் அடையாள எண், வகை, அளவு மூன்றும் ஒரு வரியில் வரும், அடுத்து அந்த அளவுக்குச் சரியாக உள்ளடக்கம் வரும். அளவு மட்டும் போதும் என்றால் பேட்ச்-செக். இதில் ஒரு இடம் கவனம். மூன்றாம் நிலைச் சூறாவளி எச்சரிக்கை போட்டிருந்த ஒரு நாளில், வீட்டில் உட்கார்ந்து இப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இருபது கோப்புகளுக்கு ஓடியது, ஆயிரத்துக்கு அப்படியே நின்றுவிட்டது. கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டுமே என்ற தவிப்பில் இரண்டு மணி நேரம் கிட்டைச் சந்தேகப்பட்டேன். தவறு என்னுடையது. எல்லாப் பெயர்களையும் முதலில் எழுதிவிட்டு, அப்புறம் படிக்கலாம் என்று எழுதியிருந்தேன். லினக்ஸில் பைப் இயல்பாகக் கொள்வது 64 கிலோபைட். கிட்டின் வெளியீட்டுப் பைப் நிரம்பியதும் அது நான் படிப்பதற்காகக் காத்திருந்தது, நானோ அது என் பெயர்களை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தேன். ஒரு பெயர் எழுதி ஒரு பதில் படியுங்கள், இல்லையென்றால் எழுதுவதைத் தனி த்ரெட்டில் வையுங்கள். பாஷில் பெயர்ப்பட்டியலை ஒரு கோப்பில் போட்டு உள்ளீடாகத் திருப்பிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

இதே மாதிரி, டேக், கிளை விவரங்களுக்கு லூப் போடாமல் ஃபார்-ஈச்-ரெஃப் கட்டளைக்கு ஃபார்மட் கொடுத்து மொத்தமாக எடுங்கள். செக்-இக்னோர், செக்-ஆட்டர் (check-attr), டிஃப்-ட்ரீ எல்லாவற்றுக்கும், பட்டியலை உள்ளீட்டிலிருந்து வாங்கும் எஸ்டிடிஇன் என்ற சுவிட்ச் இருக்கிறது.

எக்ஸ்ஆர்க்ஸ் என்ற கட்டளையில், ஒரே நேரத்தில் ஓடும் எட்டு வேலையாகப் பிரித்து ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். எட்டு கோர் இருந்தால் பத்தொன்பது நிமிடம் மூன்று ஆகலாம். ஆனால் அது ஒரே பேரேட்டை எட்டுப் பேர் 400 தடவை புரட்டுவது. இன்றிரவே வேகம் வேண்டும் என்றால் செய்யுங்கள், நாளைக்குச் சரியாக எழுதுங்கள்.

ஒரே ஓட்டம் சாத்தியமில்லாத சமயமும் உண்டு. யாரோ பக்கத்தைத் திறக்கும்போது அந்த ஒரு கோப்பின் வரலாறு மட்டும் உடனே வேண்டும் என்றால், கமிட்-கிராஃப் கோப்பை (கமிட்டுகளின் தொடர்பை வைத்திருக்கும் அட்டவணை) சேஞ்ச்டு-பாத்ஸ் சுவிட்சோடு எழுதி வைப்பது நன்றாக உதவும். 2.27 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு சிறிய ப்ளூம் ஃபில்ட்டர் வைத்துக்கொள்ளும். 'இந்தக் கோப்பு இங்கே நிச்சயமாக மாறவில்லை' அல்லது 'மாறியிருக்கலாம்' என்ற இரண்டே பதில்தான் அதில். 'நிச்சயமாக இல்லை' என்று வந்தால் மரத்தை அவிழ்க்காமலே தாண்டிவிடலாம். 512க்கு மேல் பாதைகள் மாறிய கமிட்டுக்கு இயல்பாக இந்த வசதி கிடையாது, அங்கே பழையபடி ஒப்பிடத்தான் வேண்டும். தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஃபில்ட்டரின் முதல் வடிவத்தில், ஆங்கிலமல்லாத எழுத்துகளின் பைட்டுகளுக்கு ஹாஷ் கணக்கிடுவதில் ஒரு பிழை இருந்தது. ஒரே வகை மெஷினில் எழுதிப் படித்தால் தெரியாது, வேறு வகை மெஷினில் எழுதியதைப் படித்தால் விடை தவறலாம். 2024இல் இரண்டாம் வடிவம் வந்தது. கமிட்கிராஃப்.சேஞ்ச்டுபாத்ஸ்வெர்ஷன் என்ற அமைப்பை 2 ஆக்கி, கமிட்-கிராஃபைப் புதிதாக எழுதிவிடுங்கள்.

நெட்வொர்க்கைப் பற்றியும் நாம் இருக்கும் தீவை வைத்துச் சொல்ல வேண்டும். இங்கிருந்து பாரிஸ் நேர்கோட்டில் ஏறக்குறைய 9,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். கேபிள் நேராகவே கிடந்தாலும் ஒரு தடவை போய்வர 94 மில்லிநொடி ஆகும், கடலடிக் கேபிளோ சுற்றிக்கொண்டுதான் போகிறது. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு ஒன்றைத் தொடங்கவே பல தடவை போய்வர வேண்டும். அதனால் லூப்புக்குள் ஃபெட்ச்சோ எல்எஸ்-ரிமோட்டோ (இரண்டும் சர்வரைத் தொடர்புகொள்ளும் கட்டளைகள்) இருக்கவே கூடாது. தொடக்கத்தில் ஒரு தடவை ஃபெட்ச் செய்துவிட்டு, மீதிக் கேள்விகளை உள்ளூரிலேயே கேளுங்கள். டவுன்லோட் குறைய கோப்புகளின் உள்ளடக்கத்தை விட்டுவிடும் ப்ளாப்-நன் ஃபில்ட்டர் போட்டுக் குளோன் செய்திருந்தால், உள்ளடக்கம் தேவைப்படும்போதெல்லாம் கிட் சத்தமில்லாமல் சர்வருக்குப் போய் வரும். மேலே சொன்ன நோ-ரீனேம்ஸ் அங்கே மிக அவசியம்.

அலுவலகத்தில், கிட்டின் வேலையையே செய்யும் பழைய சப்வெர்ஷன் ஒன்றும் இருப்பதாகச் சொன்னீர்கள். அதில் லாக் கேட்டாலே சர்வருக்குப் போகிறது, ஆக இந்த நியாயம் அங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். விரிவான லாக்கை எக்ஸ்எம்எல் வடிவில் ஒரே தடவை வாங்கி, உள்ளூரில் பிரித்துக்கொள்ளுங்கள். இதே வகை நிரலான மெர்க்கூரியல் என்றால் பைத்தானைத் தொடங்கும் செலவுதான் பெரிது, அதற்கு ஒரு தடவை தொடங்கிப் பல கட்டளைகளை வாங்கும் கமாண்ட் சர்வர் இருக்கிறது.

மாற்றத் தொடங்கும் முன் கிட்_ட்ரேஸ்2_பெர்ஃப் என்ற சூழல் மாறிக்கு ஒரு கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, லூப்பை ஐந்து கோப்புகளுக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கட்டளை எத்தனை நொடி எடுத்தது என்பது வரிவரியாக அதில் விழும். ஐந்தில் ஒன்று பழைய பாடமாக இருக்கட்டும்.